ஒற்றை டிக் விழுந்தால் சொன்னதாக ஆகாது

எங்கள் சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்களுக்கும், ஊராட்சி அலுவலகத்தாருக்கும், மகளிர் குழுத் தலைவிகளுக்கும், கூட்டுறவுச் சங்கத்தாருக்கும், கோயில் கமிட்டியாருக்கும், ஊருக்குத் தகவல் சொல்ல வாட்ஸ்அப் குரூப் நடத்தும் மற்ற எல்லாருக்கும்,

வணக்கம்.

ஆலங்குளத்திலிருந்து முக்கூடல் போகும் வழியில், ஒரு பஸ் ஸ்டாப்பை ஒட்டிச் சின்னதாக ஒரு மொபைல் கடை வைத்திருக்கிறேன். சிம், ரீசார்ஜ், டிஸ்ப்ளே மாற்றுவது, ஜெராக்ஸ், ஆதார் பிரின்ட் என்று கிடைத்த வேலையெல்லாம் செய்வேன். பதினான்கு வருஷம் ஆகிவிட்டது. உங்களில் நிறைய பேருக்கு முதல் டச் போனில் வாட்ஸ்அப் ஏற்றிக் கொடுத்தவன் நான். சிலருடைய குரூப்பை உண்டாக்கி, பெயர் வைத்து, நம்பர்களைச் சேர்த்துக் கொடுத்ததும் நான்தான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். யாரையும் ஊர் முன்னால் நிறுத்திக் குறை சொல்லும் எண்ணம் இல்லை. நீங்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் காரியத்தில் ஒரு குறை இருக்கிறது. குரூப்பில் போடும் அறிவிப்பு, போனில் நெட் இல்லாதவர்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. அதனால் அடிபடுகிறவர்கள் சாயங்காலம் என் கடைக்குத்தான் வருகிறார்கள், உங்கள் கண்ணில் அவர்கள் படுவதில்லை.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை. சுற்றிய பீடிக் கட்டுகளைப் பீடிக் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு தங்கச்சி வந்தார். சொளகைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தார். விரல் நுனியில் புகையிலைத் தூளின் மஞ்சள் அப்படியே இருந்தது. “அண்ணாச்சி, செத்த நேரம் வைஃபை போட்டு விடுங்க. நெட்டு தீந்து நாலஞ்சு நாளாச்சு, ஒண்ணும் பாக்கல” என்றார். மூலையில் விரிசல் விட்ட பழைய போன். வாங்கி, என் கடை வைஃபையில் இணைத்து, கண்ணாடி மேஜை மேல் வைத்தேன். அரை நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் ஆரம்பித்தது. டிங், டிங், டிங் என்று நிற்காமல் வந்தது. போன் அதிர்ந்து அதிர்ந்து கண்ணாடியில் நகர்ந்தது. காலை வணக்கப் பூ, யாரோ ஒருவரின் கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை வீடியோ, மறுபடியும் பூ. அதற்கு நடுவில், பள்ளிக்கூட குரூப்பில், மங்கலாக ஒரு படம், கீழ்நோக்கி ஒரு அம்புக்குறியோடு.

அழுத்தினார். திறந்தது. கொஞ்சம் சாய்வாக எடுத்த ஒரு சுற்றறிக்கையின் போட்டோ. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டியவர்கள் ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், பீடித் தொழிலாளர் அடையாள அட்டை நகல் இவற்றை வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் பள்ளியில் கொடுக்கவும் என்று இருந்தது. உதட்டை அசைத்து இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்து, “இன்னைக்கு என்ன கிழமை அண்ணாச்சி?” என்று கேட்டார். கிழமை அவருக்குத் தெரியும். வாரா வாரம் பீடிக் கணக்குப் பார்க்கிறவருக்குக் கிழமை தெரியாமல் இருக்குமா? ஆனாலும் கேட்டார்.

மறுநாள் பள்ளிக்குப் போனார். “புதன்கிழமையே குரூப்ல போட்டாச்சேம்மா” என்றார்களாம். அது பொய் இல்லை, போட்டிருந்தார்கள். பட்டியல் அனுப்பும் வேலை அதற்குள் முடிந்துவிட்டது. அவர் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அந்த வகுப்புக்கு அந்த உதவித்தொகை ஆண்டுக்கு 2,000 ரூபாய். பீடி சுற்றும் வீட்டுக்கு 2,000 ரூபாய் எவ்வளவு நாள் குனிந்து உட்கார்ந்த கூலி என்று இந்த ஊரில் நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நான் அந்தப் பள்ளியைக் குற்றம் சொல்லவில்லை. அங்கே இருப்பவர்கள் பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர்கள், அதை நான் நேரில் அறிவேன். “போட்டாச்சு” என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் உங்கள் எல்லாரிடமும் பேச வேண்டியிருக்கிறது.

அந்தப் படத்தைப் போட்டவரின் போனில், அந்தப் படத்தின் கீழே, புதன் முதல் திங்கள் வரைக்கும் ஒரே ஒரு சாம்பல் டிக்தான் இருந்திருக்கும். தனி ஆளுக்கு அனுப்பினால், ஒரு டிக் என்றால் செய்தி நம் போனை விட்டுக் கிளம்பிவிட்டது, இரண்டு டிக் என்றால் அவர் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இது எல்லாருக்கும் தெரியும். குரூப்பில் கணக்கு வேறு என்பது பலருக்குத் தெரியாது. குரூப்பில் இருக்கும் கடைசி ஆள் வரைக்கும் செய்தி போய்ச் சேர்ந்தால்தான் இரண்டாவது டிக் விழும். நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேருக்குப் போய், ஒருவருக்குப் போகவில்லை என்றாலும் ஒற்றை டிக்தான். நீலம் ஆவதும் அப்படியே, எல்லாரும் பார்த்தால்தான்.

யார் அந்த ஒருவர் என்பதையும் போனிலேயே கண்டுபிடிக்கலாம். நீங்கள் போட்ட செய்தியை விரலால் அழுத்திப் பிடியுங்கள். மேலே வரும் மூன்று புள்ளியைத் தொட்டால் விவரம் என்று ஒன்று இருக்கும், சில போனில் ஒரு வட்டத்துக்குள் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தாக இருக்கும். அதைத் திறந்தால் யார் யார் படித்தார்கள், யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பெயரோடு வரும், இன்னும் எத்தனை பேர் பாக்கி என்பது எண்ணாக மட்டும் வரும். பெயர் வராதவர்கள்தான் அந்தப் பாக்கி. இதை நான் என் கடைக்கு வந்த ஒரு மகளிர் குழுத் தலைவிக்குக் காட்டினேன். அவர் குழுவில் பதினாறு பேர். நான்கு பேருக்கு மூன்று நாளாகப் போகவே இல்லை. “இவங்க நாலு பேரும் எதுக்குமே பதில் போட மாட்டாங்க, திமிருன்னு நினைச்சிட்டிருந்தேன் அண்ணாச்சி” என்றார். அங்கேயே நின்று நால்வருக்கும் போன் பண்ணினார். நால்வரும் முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

போன் எடுத்தவர்களுக்கு வாட்ஸ்அப் ஏன் போகவில்லை? இதுதான் உங்களுக்குப் புரிய வேண்டிய இடம். போன் வேலை செய்கிறது என்றால் வாட்ஸ்அப்பும் வேலை செய்யும் என்று நெட் தீராதவர்களுக்குத் தோன்றும். பேசுவதற்கான வழி வேறு, நெட்டுக்கான வழி வேறு. அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் டவர் இருந்தால் வரும். வாட்ஸ்அப் நெட் வழியாக மட்டுமே வரும், சிம்மில் உள்ள நெட்டாக இருந்தாலும் சரி, வைஃபை நெட்டாக இருந்தாலும் சரி.

நெட் இல்லாமல் போன் வைத்திருப்பது அறியாமையும் இல்லை, கஞ்சத்தனமும் இல்லை. கணக்குப் பார்த்து எடுத்த முடிவு. நான் கடை வைத்த புதிதில் பத்து ரூபாய் டாப்அப் போட்டுவிட்டு மாசக் கணக்கில் ஓட்டுவார்கள். கூப்பிடக் காசு இல்லாவிட்டாலும் வருகிற அழைப்பு வந்துகொண்டே இருக்கும். 2018 கடைசியில் அது போயிற்று. 28 நாளுக்கு ஒரு முறை 35 ரூபாயாவது போட்டால்தான் அழைப்பு வரும் என்று ஆனது. அதிலிருந்து ஏறிக்கொண்டே வந்து, 2024 ஜூலையில் பெரிதாக ஒரு ஏற்றம். அதன் பிறகு தனியார் கம்பெனிகளில் தினமும் நெட் தரும் 28 நாள் பேக் 300 ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. 28 நாள் கணக்கு என்பதால் வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை போதாது, பதிமூன்று தடவை போட வேண்டும்.

அப்போதுதான் 2024 டிசம்பர் 23 அன்று, போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அரசு ஆணையமான டிராய் ஒரு உத்தரவு போட்டது. நெட் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தந்தே ஆக வேண்டும், அதை 365 நாள் வரைக்கும் தரலாம் என்று. அடுத்த மாதமே வந்தது. 84 நாளுக்கு 450 ரூபாயை ஒட்டி, அளவில்லாமல் பேசலாம், ஆயிரத்தை ஒட்டி எஸ்எம்எஸ். அதே 84 நாளை நெட் உள்ள 28 நாள் பேக்கில் ஓட்டினால் மூன்று தடவை 300, அதாவது 900 ரூபாயை ஒட்டி ஆகும். பாதிக்குப் பாதி. திருப்பூரிலும் கேரளாவிலும் வேலைக்குப் போயிருக்கும் வீட்டுக்காரரோடு பேசப் பேச்சு பேக் போதும். அந்தத் தங்கச்சி போட்டிருந்ததும் அதுதான். எப்போதாவது இருபது ரூபாய்க்கு நெட் ஏற்றிக்கொள்வார், அது தீர்ந்தால் என் கடை வைஃபை. அந்த பேக்கை அவருக்குப் பரிந்துரை செய்தவன் நான். அவருக்கு அது சரியான பேக் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

இவரைப் போல இருப்பவர்கள் ஒரு வகை. தினம் ஒன்றரை ஜிபி உள்ளவர்களுக்கும் பையன் விளையாடிச் சாயங்காலத்துக்குள் தீர்த்துவிடுவான். தீர்ந்த பிறகு வேகம் 64 கேபிபிஎஸ் என்று இறங்கும். அதில் எழுத்தாக அடித்த செய்தி வந்துவிடும். போட்டோ இழுக்கும். 2 எம்பி பிடிஎஃப் ஒன்று இறங்க நான்கு நிமிஷத்துக்கு மேல் ஆகும். நீங்கள் குரூப்பில் போடும் 20 எம்பி வீடியோவுக்கு முக்கால் மணி நேரம். இன்னொரு வகை, கீபேட் போனில் வாட்ஸ்அப் பார்த்தவர்கள். கை ஓஎஸ் என்ற அமைப்புள்ள கீபேட் போனில் 2018-ல் வாட்ஸ்அப் வந்தது, வயசானவர்கள் நிறைய பேர் வாங்கினார்கள். 2024 நடுவில் அந்தப் போன்களில் புதிதாக இறக்க முடியாமல் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் நம்பர் உங்கள் குரூப்பில் அப்படியே இருக்கலாம், அந்தக் கையில் வாட்ஸ்அப் இல்லை.

நெட் இல்லாத சிம்மை வைத்துக்கொண்டு வாட்ஸ்அப் வைத்திருக்க முடியுமா என்று என்னிடம் கேட்பார்கள். முடியும். கணக்குத் தொடங்கும்போது ஆறு இலக்க எண் ஒன்று எஸ்எம்எஸ்ஸாகவோ அழைப்பாகவோ வரும், அதற்குப் பேச்சு பேக் போதும். அதன் பிறகு எங்கே வைஃபை கிடைக்கிறதோ அங்கே திறந்து பார்த்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுத் தம்பி ஹாட்ஸ்பாட் போட்டாலும் ஆகும். ஆனால் அதற்குக் கெடு இருக்கிறது. போய்ச் சேராத செய்தியை வாட்ஸ்அப் தன் சர்வரில் 30 நாள்தான் வைத்திருக்கும். அதற்குள் அந்தப் போன் ஒரு தடவையாவது நெட்டைப் பார்க்காவிட்டால் செய்தி அழிந்துவிடும். அவருக்கு அப்படி ஒரு செய்தி வந்ததே தெரியாது. 120 நாள் தொடாமல் இருந்தால் பொதுவாகக் கணக்கே போய்விடும், குரூப்பிலிருந்தும் பெயர் போய்விடும். மகன் ஊருக்கு வந்தால்தான் நெட் என்று இருக்கும் ஆச்சிமார்களுக்கு இது நடக்கிறது. “நான் குரூப்ல இருக்கேன்ல?” என்று ஒரு ஆச்சி என்னிடம் போனைக் கொடுத்தார். திறந்து பார்த்தேன், இல்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் புதிதாக ஏற்றிக் கொடுத்தேன். குரூப்பில் சேர்ப்பது என் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது.

நெட்டே இல்லாமல் ஓடுகிற ஆப் உண்டா என்று பையன்கள் கேட்பதுண்டு. புளூடூத் வழியாகப் பக்கத்துப் போனுக்குப் போன் தாவிச் செய்தி போகும் ஆப்கள் இருக்கின்றன. பிரிட்ஜ்ஃபை என்று ஒன்று, 2025-ல் பிட்சாட் என்று ஒன்று. கூட்டத்திலோ, புயலில் டவர் விழுந்த நேரத்திலோ உதவும். ஊர்க் கடைசியில் தனி வீட்டில் இருக்கும் ஆச்சிக்கு அது எட்டாது, நடுவில் அதே ஆப் வைத்த போன்கள் வரிசையாக வேண்டும். வேறு சிலர் “நெட் இல்லாத வாட்ஸ்அப்” என்று வரும் லிங்க்கைக் காட்டுவார்கள். அதைத் தொடாதீர்கள் என்று உங்கள் குரூப்பிலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அப்படி ஒரு வாட்ஸ்அப் கிடையாது.

சரி, என்ன செய்யலாம்? நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை.

முதலில் எஸ்எம்எஸ். அது வங்கிக்காரனும் ஓடிபியும் அனுப்புவதற்கு மட்டும் என்று ஆகிவிட்டது. ஒரு காலத்தில் பொங்கல் வாழ்த்தை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினோம். பொங்கல், தீபாவளி, புத்தாண்டு அன்று மட்டும் பேக் செல்லாது, ஒவ்வொன்றுக்கும் காசு பிடிப்பார்கள் என்று முதல் நாள் ராத்திரியே வாழ்த்தை அனுப்பிவைத்தவர்கள் நாம். அந்த எஸ்எம்எஸ் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கீபேட் போனுக்கும் போகும். வாங்குகிறவருக்குக் காசு இல்லை, நெட் வேண்டாம். போன் அணைந்திருந்தால் அப்புறம் எரியும்போது வந்து விழும்.

தமிழில் அனுப்புவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழுக்கு 70-தான். அந்த 70-ம் நாம் எண்ணுவது போல இல்லை. புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். ‘அம்மா’ நமக்கு மூன்று எழுத்து. போனுக்கு அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து. 70-ஐத் தாண்டினால் துண்டு துண்டாகும், துண்டுக்கு 67. பெரும்பாலான பேக்கில் நாளுக்கு 100 எஸ்எம்எஸ் உண்டு. நாற்பது பெற்றோருக்கு மூன்று துண்டுச் செய்தி அனுப்பினால் 120 ஆகிக் காசு பிடிக்கும். ஒரே துண்டாக அனுப்பினால் 40, ஒரு பைசா ஆகாது.

ஒரே துண்டில் என்ன சொல்ல முடியும் என்கிறீர்களா? இதோ:

“நாளை காலை 10 மணிக்குப் பள்ளியில் கூட்டம். வரவும். ஆதார் நகல் தேவை.”

எண்ணிப் பார்த்துவிட்டேன். இடைவெளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து 66. ‘பெற்றோர்கள் அனைவருக்கும் அன்பான வணக்கம், இதன்மூலம் தெரிவித்துக்கொள்வது யாதெனில்’ என்பதை விட்டுவிட்டால் போதும், தமிழில் சொல்ல வேண்டியதெல்லாம் அடங்கிவிடும். சில பழைய கீபேட் போனில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்த நான்கைந்து பேருக்கு ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்பலாம். பேரப்பிள்ளைகள் படித்துச் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது, போட்டோவாகப் போடுவதை எழுத்தாக அடித்துப் போடுங்கள். சுற்றறிக்கையை அப்படியே போட்டோ எடுத்துப் போடுவது உங்களுக்குச் சுலபம், ஆதாரமும் ஆகும். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் கீழேயே இரண்டு வரி எழுத்திலும் போடுங்கள். நெட் மிச்சம் பிடிப்பவர்கள் போட்டோ தானாக இறங்காதபடி செட்டிங்கில் நிறுத்தி வைத்திருப்பார்கள், நிறுத்தி வைத்தவனும் நான்தான். அவர்களுக்கு உங்கள் சுற்றறிக்கையும் காலை வணக்கப் பூவும் ஒரே மாதிரி மங்கலாகத்தான் தெரியும். எதை இறக்குவது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அப்புறம், கெடு தேதி உள்ள எந்த அறிவிப்பையும் இரண்டு நாள் அவகாசத்தில் போடாதீர்கள். நெட் உள்ளவருக்கு இரண்டு நாள் தாராளம். வாரத்துக்கு ஒரு தடவை வைஃபைக்கு வருகிறவருக்கு அது முடிந்துபோன நாள்.

மூன்றாவது, பேசுங்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பெரும்பாலான பேக்கில் பேச்சு அளவில்லாமல் இருக்கிறது. ஆளுக்கு அரை நிமிஷம் என்றால் நாற்பது பேருக்கு இருபது நிமிஷம். அத்தனையையும் ஒரே ஆசிரியர் செய்ய வேண்டியதில்லை, அவர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. பத்து வீட்டுக்கு ஒரு அம்மா பொறுப்பெடுத்தால் ஐந்து நிமிஷத்து வேலை. அதுவும் நாற்பது பேருக்கும் வேண்டாம், அந்த விவரப் பட்டியலில் பெயர் வராத ஐந்தாறு பேருக்குப் போதும். மகளிர் குழுக்காரர்கள் கடன் தவணைக்கு இப்படித்தான் செய்கிறார்கள், ஒருவரும் விட்டுப்போவதில்லை. தவணை கேட்க எடுக்கும் போனை மானியம் வந்திருக்கிறது என்று சொல்லவும் எடுத்தால் என்ன?

ஊராட்சிக்குத் தனியாக ஒரு வார்த்தை. முன்பெல்லாம் ஊருக்குச் சேதி சொல்லத் தண்டோரா போட்டார்கள். ஒரு சாதிக்காரர்களை வெயிலில் பறையோடு தெருத்தெருவாக நடக்கவிட்ட வழக்கம் அது. 2022 ஆகஸ்டில், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, தண்டோராவை நிறுத்துங்கள், வண்டியில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லுங்கள் என்று ஆட்சியர்களுக்கு எழுதினார். மிகச் சரியான காரியம். நிறுத்தச் சொன்னது பறையை, சேதி சொல்வதை இல்லை. பல ஊரில் ஆட்டோவும் வரவில்லை, ஒலிபெருக்கியும் வரவில்லை, குரூப்பில் ஒரு போட்டோ மட்டும் வருகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும் பீடி சுற்றுகிறவர்களும் பேச வேண்டிய சபை அது. அவர்களுக்கு அறிவிப்பு போகாமல் சபை கூடினால் யார் பேசுவது? சின்ன ஆட்டோ ஒன்றுக்கு அரை நாள் வாடகை ஊராட்சியால் கொடுக்க முடியாத தொகையா?

வைஃபையும் நீங்கள் தரலாம். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்க டான்ஃபிநெட் திட்டம் இருக்கிறது. டீக்கடைக்காரர்கூட லைசென்ஸ் இல்லாமல் பொது வைஃபை நடத்தலாம் என்று 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை பிஎம் வாணி திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ரயில் நிலையத்தில் நாளுக்கு முதல் அரை மணி நேரம் வைஃபை இலவசம். ரயில் வராத நம் ஊரில், லைன் வந்துவிட்ட ஊராட்சி அலுவலகத் திண்ணையில் சாயங்காலம் அரை மணி நேரம் திறந்துவிட்டால், வாரத்துக்கு ஒரு தடவை என்பது தினமும் ஆகிவிடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேலிடிட்டியே முடிந்துபோன போனுக்கு இது எதுவும் எட்டாது. சில நாளில் வருகிற அழைப்பும் நின்றுவிடும், எஸ்எம்எஸ்ஸும் நின்றுவிடும். கையில் காசு வரும் வரை சிம் சும்மா கிடக்கும். அப்படி இருப்பவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு, என் கடை நோட்டில் கடன் கணக்காக எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பலகைதான். பள்ளி வாசலில், ரேஷன் கடையில், பால் சொசைட்டியில், பீடி இலை வாங்கும் இடத்தில் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள். பீடிக் கடைக்கு அந்தத் தங்கச்சி வாரம் தவறாமல் போகிறார். அந்தச் சுற்றறிக்கை அங்கே ஒட்டியிருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

என் பங்குக்கு நான் ஆரம்பித்துவிட்டேன். கடை வைஃபையைச் சாயங்காலம் 5 மணியிலிருந்து 8 மணி வரை யார் வேண்டுமானாலும் இணைத்துக்கொள்ளலாம், காசு வாங்குவதில்லை. எதுவும் வாங்க வேண்டும் என்றும் இல்லை, பெஞ்சு போட்டிருக்கிறேன். வாசலில் ஒரு கரும்பலகையும் வைத்திருக்கிறேன். உங்கள் குரூப்பில் போடும் அறிவிப்பை எனக்கும் ஒன்று அனுப்புங்கள், அதே நாளில் அதில் ஏறிவிடும். ஊராட்சியிலிருந்து ஒருவரும் இரண்டு மகளிர் குழுக்காரர்களும் ஏற்கெனவே அனுப்புகிறார்கள். மற்றவர்களும் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் கையெழுத்து எனக்கே புரியாது. அதனால் அந்தத் தங்கச்சியின் மகள் பள்ளி விட்டு வரும் வழியில், பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, சாக்பீஸ் எடுத்து எழுதிவிட்டுப் போகிறாள். இப்போது பத்தாம் வகுப்பு. கெடு தேதியை மட்டும் மஞ்சள் சாக்பீஸால் எழுதி இரண்டு கோடு போடுகிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
பஸ் ஸ்டாப் மொபைல் கடைக்காரன்